எச்சரிக்கைக்கு எம்மொழி?

நாவிக்கிழங்கு கொடிய நஞ்சு. சித்த மருத்துவத்தில் சுத்தி செய்த பின்னரே அது மருந்தாகும். சீன மருத்துவரும் அவ்வினக் கிழங்கை நெடுநேரம் வேகவைத்தே கொடுப்பர். கொதியில் அக்கோனிட்டின் சிதைந்து நச்சு தணிகிறது. பக்குவம் பிழைத்தால் இதயத்துடிப்பு தடுமாறும்; அதற்கெனத் தனி முறிமருந்து இல்லை. எனவே, ‘இயற்கை மருந்து தீங்கு செய்யாது’ என்பது மரபே ஏற்காத கூற்று.

நாவி போன்ற நச்சுப்பொருள் சேர்ந்த உள்மருந்துகளில், மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ளுமாறு எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்கின்றன 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள். அவை கட்டாயமாக்கும் மொழிகள் ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த தாராவி மூதாட்டிக்கு அதனால் என்ன பயன்? சித்த மருத்துவத்தின் மூலநூல்கள் தமிழில் உள்ளன. அதன் எச்சரிக்கைக்கு மட்டும் தமிழ் ஆகாதா? மரபின் பெருமை பேசுவோர் முதலில் இவ்விதியைத் திருத்தக் கோரட்டும்.