வற்றுப்பெருக்குக்கு வேலியா?

யாழ்ப்பாணப் பரவைக்கடலில் கோலூன்றி வள்ளம் செலுத்தும் தொழிலாளியிடம் காணி உறுதி கிடையாது. வற்றுப்பெருக்கே அவனுடைய உறுதி. பெருக்கோடு கரைநோக்கி ஏறும் மணலையும் ஓராவும் இறாலும் நீர் வற்றுகையில் இறங்கும் வழியை அறிந்தே அவன் களங்கண்டி நாட்டுகிறான். அவ்வழி மறிக்கப்பட்டால் அன்றைய உலை ஏறாது.

இன்று அவ்வழிகளிற் கம்புகளும் வலைவேலிகளும் முளைத்துள்ளன. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரிற் கடலட்டை வளர்க்கும் திட்டத்துக்கு 2022 ஜூன் மாதம் அமைச்சரவை இசைந்தது. நம்மவர் எவரும் உண்ணாத அட்டை உலர்ந்து சீன தேசம் செல்லும். அந்நியச் செலாவணி வருமாம்! அட்டை வளர்ப்பையே நாம் வெறுக்கவில்லை. அதனாற் பிழைக்கும் மீனவரும் உளர். ஆனால், அட்டைக்கு உகந்த ஆழங்குறைந்த சாதாளைத் தரையே இறாற்குஞ்சுக்கும் தொட்டில். அந்தச் சாதாளை நம் தோட்டங்களுக்குப் பசளையானதை மறந்தோமா?

கமக்காரரே, உமது வாய்க்காலை ஒருவன் மறித்துத் தன் குளம் என்றால் பொறுப்பீரோ? சட்டம் கற்ற கனவான்களே, ஒவ்வோர் அனுமதிப்பத்திரமும் எந்தக் கடற்றொழிலாளர் சங்கத்தைக் கேட்டு வழங்கப்பட்டதென வினவுங்கள். வள்ளம் போகும் வழியில் நட்ட கம்புகளை முதலிற் பிடுங்கட்டும். பண்ணையின் இலாபக் கணக்கைப் பிறகு பேசுவோம்.