முந்திரிக்கொட்டை கீபோர்டு

நாம் வாயைத் திறப்பதற்குள் நம் வாக்கியத்தை முடித்து வைக்கிற ஆசாமி ஒருவர் எல்லா ஆபீஸிலும் உண்டு. முக்கால்வாசி தப்பாகத்தான் முடிப்பார். இப்போது அந்த ஆசாமியைச் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு அலைகிறோம். செல்போன் கீபோர்டைத்தான் சொல்கிறேன்.

நண்பர் ஒருவரிடம் மேனேஜர் வாட்ஸ்அப்பில், 'நாளைக்கு லீவா?' என்று கேட்டார். நண்பர் நம்மூர் வழக்கப்படி இங்கிலீஷ் எழுத்தில் 'லீவ் இல்ல ஸார்' என்று அடித்தார். ஐ-எல்-எல்-ஏ என்று ஒரு வார்த்தை இருப்பதே கீபோர்டுக்குத் தெரியாது. கடைசி எழுத்தை வெட்டி 'இல்' என்று ஆக்கிவிட்டது. இங்கிலீஷில் அதற்கு 'உடம்பு சரியில்லை' என்று அர்த்தம். மேனேஜர் நல்ல மனுஷர். 'டேக் ரெஸ்ட்' என்று பதில் போட்டு, கணக்கில் ஒரு நாளைக் கழித்துவிட்டார்!

'சரி' என்ற வார்த்தை தப்பிப்பது கூட அதிர்ஷ்டத்தால்தான். எஸ்-ஏ-ஆர்-ஐ என்றால் இங்கிலீஷ் அகராதியில் புடவை. நீங்கள் 'சரி ஸார்' போடும்போதெல்லாம், கீபோர்டைப் பொறுத்தவரை மேனேஜருக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

இந்த அதிகப்பிரசங்கித்தனம் புதுசு இல்லை. 1990-களில் அமெரிக்காவின் டெஜிக் கம்பெனி 'டி-9' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பட்டன் போனில் 'குட்', 'ஹோம்' இரண்டுக்கும் அழுத்த வேண்டியது ஒரே 4663. வீட்டில் இருக்கிறேன் என்று சொல்ல வந்தவன், நான் நல்லவன் என்று சொல்லி மாட்டிக்கொள்வான். 2007-ல் ஐபோன் வந்தபோது பட்டனே போய்க் கண்ணாடி ஆயிற்று. விரல் தடுமாறும் என்பதால், அடுத்து எந்த எழுத்து வரலாம் என்று யூகித்து, அந்த எழுத்தின் எல்லையைக் கண்ணுக்குத் தெரியாமல் அகலப்படுத்தினார்கள். அதாவது நீங்கள் தொடுவதற்கு முன்பே யூகம் ஆரம்பித்துவிடுகிறது.

எப்படி யூகிக்கிறது? மந்திரமில்லை. அடியேன் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், இது ஒரு லெட்ஜர். எந்த வார்த்தைக்குப் பின்னால் எந்த வார்த்தை எத்தனை தடவை வந்தது என்று பார்த்து வைத்திருக்கிற கணக்கு. கம்பெனி கொடுத்த அகராதி ஓப்பனிங் பேலன்ஸ். நீங்கள் தினமும் அடிப்பது என்ட்ரி. அவசரத்தில் அடித்த தப்பும் என்ட்ரிதான். நாலு தடவை தப்பாக அடித்தால், அஞ்சாம் தடவை அதையே தட்டில் வைத்து நீட்டும்.

தப்பு என்ட்ரி விழுந்தால் யாராவது லெட்ஜரைக் கொளுத்துவார்களா? திருத்துவோம். அதே வரிசையில் வாருங்கள். மெனுக்களின் பெயர் போனுக்குப் போன் கொஞ்சம் மாறலாம்.

முதலில் ஒற்றை என்ட்ரி. கூகுளின் ஜிபோர்டில், மேலே வரும் தப்பு வார்த்தையை அழுத்திப் பிடித்தால் குப்பைத்தொட்டி தெரியும். இழுத்துப் போடுங்கள். வார்த்தையை அது மாற்றிய உடனே பேக்ஸ்பேஸைத் தட்டினால், நீங்கள் அடித்தது திரும்பி வரும். ஐபோனில் 2023-க்குப் பிறகு, மாற்றிய வார்த்தைக்கு அடியில் கோடு போட்டுக் காட்டுகிறது. தொட்டால் பழையது கிடைக்கும்.

இரண்டாவது, அதிகாரத்தைக் குறையுங்கள். ஸெட்டிங்ஸில் 'ஆட்டோ கரெக்‌ஷ'னை மட்டும் அணைத்து, யோசனை வரிசையை விட்டுவையுங்கள். யோசனை சொல்லட்டும், கையெழுத்து நாம் போடுவோம்.

மூன்றாவது, 'பெர்ஸனல் டிக்‌ஷனரி'. ஊர்ப்பெயர், மாமனார் பெயர், தினமும் அடிக்கிற 'இல்ல', 'வேணாம்' எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிடுங்கள். ஐபோனில் இதற்கு 'டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்'.

நிஜமான வைத்தியம் நான்காவது. இங்கிலீஷ் குமாஸ்தாவிடம் தமிழ் கொடுத்தால் அவன் என்ன செய்வான், பாவம்? ஜிபோர்டின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, 'ஏபிசி' வகையைத் தேர்ந்தெடுங்கள். ஐ-எல்-எல்-ஏ என்று அடித்தால் தமிழிலேயே 'இல்ல' என்று வந்து விழும். லீவ் மிச்சம்.

இத்தனைக்கும் மசியாவிட்டால்தான் கடைசி அஸ்திரம். ஜிபோர்டில் 'ப்ரைவஸி' போய், கற்ற வார்த்தைகளை அழிக்கலாம். ஐபோனில் 'ரீஸெட் கீபோர்டு டிக்‌ஷனரி'. குப்பையோடு நல்லதும் போய்விடும். முதல் ஒரு வாரம் புது குமாஸ்தாவைப் பழக்குகிற மாதிரி இருக்கும்.

போன் கைமாறினால் மட்டும் யோசிக்காமல் இதைச் செய்யுங்கள். விற்பதானாலும் சரி, தம்பிக்குக் கொடுப்பதானாலும் சரி. 2016-ல் ஸ்விஃப்ட்கீ கீபோர்டு, முன்பின் தெரியாதவர்களின் ஈமெயில் முகவரியை வேறு சிலர் போனில் யோசனையாக நீட்டியது. கம்பெனி பதறிப்போய், 'ஸிங்க்' வசதியை நிறுத்தி வைத்தது. பாஸ்வேர்டு கட்டத்தில் அடிப்பதை ஒழுங்கான கீபோர்டு கற்றுக்கொள்ளாது. மற்ற இடத்தில் அடிப்பதெல்லாம் அதற்குப் பாடம்தான்.

நம்பிக்கை இல்லையா? 'ஐ ஆம்' என்று அடித்துவிட்டு, நடுவில் வரும் வார்த்தையையே பத்து தடவை தட்டிக்கொண்டு போங்கள். 'ஆன் த வே' என்று வந்தால், நீங்கள் தினமும் லேட். 'லுக்கிங் ஃபார் எ ஜாப்' என்று வந்தால், 'போனைக் கொஞ்சம் குடுப்பா' என்று மேனேஜர் கேட்கும்போது, சார்ஜ் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

வாயால் சொல்லுங்கள். டைப் அடிக்க வேண்டாம்.