ரசிகர்களும் மாட்டுக்காரர்களும்

ஓர் ஆற்றைப் பற்றி எழுதிய கதையைப் படமாக எடுத்தார்கள். ஆனால் கதையில் ஓடிய ஆற்றின் உடல்நிலை அப்போது படத்துக்கு உதவுவதாக இல்லை. கல்லாட்டின் முதலிய வேறு ஆறுகளைத் தேடிப் போய்ப் பெரும்பகுதியை எடுத்து முடித்தார்கள். 1992-ல் வெளிவந்த அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவுக்காக ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. கதையை எழுதிய நார்மன் மக்ளீன் இந்த வேடிக்கையைப் பார்க்க இருக்கவில்லை, 1990-லேயே காலமாகிவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1976-ல், அவர் வெளியிட்ட கதை அது. அதில் ஓடுவது அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்துப் பிளாக்ஃபுட் ஆறு.

படத்தைப் பார்த்துவிட்டு வந்த என் நண்பர் ஒருவர், நல்ல ரசிகர், கண் கலங்கப் பேசினார். பேச்சின் முடிவில் ஒரு தீர்ப்பும் சொன்னார்: "மாடு மேய்க்கிறவர்கள் கையில் அகப்பட்ட ஆறு எப்படி ஐயா உருப்படும்? அவர்களை அப்புறப்படுத்திவிட்டு அந்தப் பள்ளத்தாக்கையே பூங்காவாக்கிவிட வேண்டும்!"

அவருக்குத்தான் இந்தப் பதில்.

மாட்டுக்காரர் குற்றம் செய்யவில்லை என்று நான் வாதாட வரவில்லை. செய்தார்கள். நூறு ஆண்டுகளாக மாடுகள் கரையில் இறங்கித் தண்ணீர் குடித்தன. குடித்துவிட்டுச் சும்மா போகவில்லை. கரையோரத்து வில்லோ மரங்களைக் கடித்து மொட்டையாக்கின, கரையை மிதித்துச் சரித்தன. நிழல் போனால் தண்ணீர் சூடாகும். சரிந்த மண் கூழாங்கற்களின் இடுக்கை அடைத்துவிடும். அந்த இடுக்கில்தான் ட்ரவுட் மீன் முட்டையிட வேண்டும். புல்வெளிக்கு வெட்டிய வாய்க்கால்களில் மீன் குஞ்சுகள் வழி தவறிப் போய் வயலில் செத்தன. இதெல்லாம் வாஸ்தவம். ஆனால் சுரங்கத்தையும் மரக் கம்பெனிகளையும் விட்டுவிட்டு மாட்டின் தலையில் மட்டும் பழியைப் போடலாமா? 1975 ஜூனில், ஆற்றின் தலைமாட்டில் இருந்த மைக் ஹார்ஸ் சுரங்கத்தின் கழிவு அணை பெருமழையில் உடைந்தது. உலோக விஷம் கலந்த சேறு நேரே ஆற்றில் இறங்கியது. மக்ளீனின் கதை அச்சேறியது அதற்கு அடுத்த வருஷம்!

லட்சக்கணக்கானவர்கள் அந்தக் கதையைப் படித்து உருகினார்கள். உருகியதால் ஆற்றில் ஒரு சொட்டு விஷமாவது குறைந்ததா?

குறைக்கிற காரியத்தில் இறங்கியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள், நண்பர் அப்புறப்படுத்தச் சொன்ன அதே பண்ணைக்காரர்கள். 1970-களிலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். நிலம் என் பெயரிலேயே இருக்கும், மேய்ப்பேன், விற்பேன், பிள்ளைக்குக் கொடுப்பேன். ஆனால் மனைகளாகக் கூறு போடும் உரிமையை மட்டும் என்றைக்குமாக விட்டுவிடுகிறேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். மாண்டானாவில் இதற்கு வழி வகுத்த சட்டம் 1975-ல் வந்தது. 1993-ல் பண்ணைக்காரர், அரசாங்க அதிகாரி, மரக் கம்பெனி, மீன் பிரியர் எல்லாரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, 'பிளாக்ஃபுட் சேலஞ்ச்' என்ற சங்கத்தை ஏற்படுத்தினார்கள். அவர்களுடைய விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நூற்றில் எண்பது விஷயத்தில் நமக்குள் ஒற்றுமை உண்டு, அதைச் செய்வோம். சண்டை வரும் இருபதை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வாருங்கள் என்பதுதான் அது. எழுத்தாளர் சங்கங்களுக்கு இதைச் சிபாரிசு செய்யலாம். (நம்மவர்கள் எண்பதை வாசலில் விட்டுவிட்டு இருபதோடு உள்ளே வருகிறவர்கள்.)

செய்த வேலையில் கவிதை எதுவும் இல்லை. கரையோரம் வேலி போட்டார்கள். மாட்டுக்கு ஆற்றுக்கு அப்பால் தொட்டி கட்டினார்கள். வாய்க்கால் தலைப்பில் மீன் தடுக்கும் வலை வைத்தார்கள். நேராக வெட்டிய ஓடைகளை மறுபடி வளைத்துவிட்டார்கள். மரக் கம்பெனி நிலங்களை விற்க முன்வந்தபோது, 2003 முதல், ஒரு பெரிய இயற்கைப் பாதுகாப்பு ஸ்தாபனத்தைத் துணை சேர்த்துக்கொண்டு ஏறக்குறைய 89,000 ஏக்கரை மனை வியாபாரிகளிடம் போகாமல் மீட்டார்கள்.

தண்ணீர் விஷயம்தான் கடினம். முதலில் எடுத்தவனுக்கே முதல் பாத்தியதை என்பது அந்த நாட்டுச் சட்டம். கோடையில் ஆற்றின் ஓட்டம் விநாடிக்கு 700 கன அடிக்குக் கீழே இறங்கினால், மீன்களுக்காக மாநில அரசு வைத்திருக்கும் நீருரிமையைக் காட்டிப் பின்னால் வந்தவர்களின் மதகுகளை அடைக்கச் சொல்லலாம். 2000-ல் கடும் வறட்சி வந்தபோது வேறு ஏற்பாடு செய்தார்கள். பண்ணைக்காரர் தாமாகவே பாசனத்தைக் குறைப்பது, தூண்டில்காரர் தூண்டிலைச் சுருட்டிக்கொள்வது, திட்டத்தில் சேர்ந்தவர்மேல் அரசு தன் உரிமையை ஏவாமல் இருப்பது என்று பேசி முடித்தார்கள்.

"அப்படியானால் அது சுயநலந்தானே?" என்கிறார் நண்பர். ஆம், சுயநலம் இருக்கிறது! அதனால் என்ன? தூய அன்பு மட்டும் காப்பாற்றும் என்றால் உங்கள் கண்ணீரே போதுமாக இருந்திருக்குமே. ஆனால் பழைய பாத்தியதைக்காரர்களும் அதில் சேர்ந்தார்களே, சட்டம் அவர்களை ஒன்றும் கேட்கவில்லையே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் தீர்ந்துவிடாது. சயனைடு ஊற்றிப் பொன் பிரிக்கும் புதிய திறந்தவெளிச் சுரங்கங்களை மாண்டானா மக்கள் 1998-ல் ஓட்டுப் போட்டுத்தான் தடுத்தார்கள். இருபதுக்கும் ஓர் இடம் உண்டு, ஓட்டுச் சாவடி.

இனி பூங்கா யோசனை. பண்ணைக்காரர் நொடித்துப் போனால் அந்த நிலம் பூங்காவாகும் என்று யார் சொன்னது? படம் வந்த பிறகு மாண்டானாவுக்குத் தூண்டிலோடு வந்தவர்கள் பெருகினார்கள். வந்தவர்களுக்கு ஆற்றங்கரையில் வீடு வேண்டும், வீட்டுக்குப் பாதை வேண்டும், கழிவுத் தொட்டி வேண்டும், ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரிய வேண்டும். மாட்டுக்காரர் போன இடத்துக்கு வருகிறவர் ரசிகர்தான்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அங்கே ஏக்கர் என்ன விலை என்று கேட்டார்.