‘மூணு வருஷம்தானே, பொறுத்துக்கோ’

பிள்ளைக்கு எம்.டி. அல்லது எம்.எஸ். இடம் கிடைத்துவிட்டால் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்க ‘மாஷா அல்லாஹ்’தான். இனி கவலையில்லை என்று பெற்றோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் அளித்த அறிக்கையைப் படித்தால் அந்த நிம்மதி நிலைக்காது.

அதன் ஆய்வில் 5,337 முதுநிலை மருத்துவ மாணவர்கள் பங்கேற்றார்கள். அவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். 45 சதவீதம் பேர் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் வார விடுமுறை ஒழுங்காகக் கிடைப்பதில்லை. இணையவழி ஆய்வுதான்; மனம் நொந்தவர்களே அதிகம் பதில் எழுதியிருக்கலாம். அந்த எண்ணைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் நெஞ்சு பதறத்தான் செய்கிறது.

விதி இல்லாமலா இப்படி நடக்கிறது? தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரத்துக்குப் பொதுவாக 48 மணி நேரம்தான் என்று மத்திய அரசு 1992லேயே சொல்லிவிட்டது. 2024 பணிக்குழு பரிந்துரைத்த உச்சவரம்போ 74 மணி நேரம்! மருந்து கொடுக்க வந்தவர்களே 26 மணி நேரத்தைக் கூட்டி எழுதியிருக்கிறார்கள்.

விதியைக் காட்டி மாணவர் ஏன் கேட்பதில்லை என்று நாம் நினைக்கலாம். யாரிடம் கேட்பது? டூட்டி போடுவது துறை. ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டிய வழிகாட்டி அதே துறையில்தான் இருக்கிறார். இறுதித் தேர்வில் எதிரே உட்காருபவர்களிலும் அந்தத் துறைப் பேராசிரியர்கள் உண்டு. சீனியர்களோ, ‘நாங்கள் படாததா?’ என்று தாங்கள் பட்டதை அப்படியே அடுத்தவர் தலையில் இறக்கி வைக்கிறார்கள். மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றால், அவர் அதே மருத்துவமனையில் தினமும் முகம் பார்க்க வேண்டியவர். படிப்பை விட்டுவிடலாம் என்றால் பல மாநிலங்களில் லட்சக்கணக்கில் அபராதம். அந்த முறையைக் கைவிடுமாறு 2024 தொடக்கத்தில் ஆணையமே மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

எல்லாக் கதவும் அடைத்த பிறகுதான் பிள்ளை வீட்டுக்கு போன் செய்கிறது. நாமோ, ‘மூணு வருஷம்தானே, பொறுத்துக்கோ, ஸப்ர் செய்’ என்கிறோம். நோயையும் இழப்பையும் ஸப்ரோடு தாங்கச் சொல்வது சரி. 36 மணி நேரம் தூங்கவிடாமல் வேலை வாங்குவது விதியை மீறிய அநீதி. அதைச் சகிப்பதற்கு ஸப்ர் என்று பெயர் வைக்கக் கூடாது. ‘ஈமான் குறைந்ததால்தான் இப்படி’ என்று சிலர் சொல்கிறார்களே, அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது.

அடுத்த முறை பிள்ளை பேசும்போது ஆய்வேடு எதுவரை வந்திருக்கிறது என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். கடைசியாக எப்போது தூங்கினாய், சாப்பிட்டாயா என்று முதலில் கேட்போம். ‘விட்டுவிட்டு வரட்டுமா?’ என்று கேட்டால் அபராதத் தொகையை எடுத்த எடுப்பில் பேச வேண்டாம். வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் தனியே விடாமல் உடனே யாராவது நேரில் போய்ச் சேர வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.