மிச்சம் பிடிக்கிற ஞாயித்துக்கிழமை

ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு அடுப்பைப் பத்த வெச்சா, அணைக்கறப்போ மத்தியானம் ஒரு மணி ஆயிடுது. ஒரு கிலோ சின்ன வெங்காயம், கால் கிலோ பூண்டு உரிச்ச நகக்கண் எரிச்சல், மறுநாள் ஆபீஸ்ல கீபோர்டைத் தொடறப்பவும் இருக்கும். வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல், வேக வெச்ச கொண்டைக்கடலை, குருமாவுக்குத் தேங்காயும் கசகசாவும் அரைச்ச மசாலா, அஞ்சு நாளைக்கு இட்லி மாவு. எல்லாத்தையும் ஆற வெச்சு டப்பா டப்பாவா ஃப்ரிட்ஜுல அடுக்கணும். எதுக்கு? நாலு காசு மிச்சம் பிடிக்கத்தான்.

வேற என்ன வழி இருக்கு, சொல்லுங்க? நான் வீடு வந்து சேர எட்டு மணி. அந்த அசதியில ஆப்பைத் திறந்தா, 140 ரூபா சாப்பாடு பேக்கிங் சார்ஜ், டெலிவரி சார்ஜ், பிளாட்ஃபார்ம் ஃபீ, ஜிஎஸ்டின்னு ஏறி ஏறி 200 ரூபாயில வந்து நிக்குது. நாலு பேருக்கு 800. வாரம் ரெண்டு நாள்னாலே மாசம் 6,400 ரூபா! சின்னவளோட டியூஷன் ஃபீஸும் ஸ்கூல் வேன் காசும் அதுக்குள்ள அடங்கிடும்.

போன செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம் ஆறுக்குத்தான் வந்துச்சாம். மாசாந்திர பராமரிப்புன்னா முன்னாடியே பேப்பர்ல போடுவாங்க, நாமளும் சுதாரிச்சுக்கலாம். இது அதுவும் இல்ல. கதவைத் திறக்காம வெச்சாலே ஃப்ரிட்ஜுல குளிர் நாலு மணி நேரம்தான் தாங்கும். எட்டு மணி நேரம் எங்க தாங்கறது? மசாலா டப்பா மூடியைத் தூக்கினதும் புஸ்ஸுனு காத்து. கொண்டைக்கடலையில கரண்டியை விட்டா நூல் நூலா இழுக்குது. ஊசிப் போச்சு. வத்தக்குழம்பும் புளிக்காய்ச்சலும்தான் தப்பிச்சுது. புளியும் உப்பும் மேல நின்ன நல்லெண்ணெயும் காப்பாத்துச்சு. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல எங்க பாட்டி பீங்கான் ஜாடியில எடுத்து வெச்சதும் இதைத்தானே! தேங்காய் அரைச்சதை அவங்க மறுநாளைக்குக்கூட வெச்சதில்ல.

"கொதிக்க வெச்சுட்டா ஒண்ணும் ஆகாதும்மா"ன்னாங்க அத்தை. எப்படி ஆகாது? ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரி கிருமி விட்டுட்டுப் போற நஞ்சு, கொதிச்சாலும் போகாது. குழந்தைங்க சாப்பிடறதாச்சே. மனசு கேக்காம மூணு டப்பாவைக் கொட்டினேன். ஒரு ஞாயித்துக்கிழமையையே சேர்த்துக் கொட்டின மாதிரி வயிறு எரிஞ்சுது.

அது கூடப் பரவாயில்ல. அன்னிக்கு ராத்திரி தப்பிச்ச வத்தக்குழம்பை எடுத்து வெச்சா, வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துட்டுக் கேக்கறார்: "இன்னிக்கும் மிச்சம் மீதிதானா?"

மிச்சம் மீதியா? ஏழு மணி நேரம் நின்னு, குதிகால் வலிக்க வலிக்க ஆக்கி வெச்சது மிச்சம் மீதியா? பேங்க்ல போட்டா சேமிப்பு, ஃப்ரிட்ஜுல வெச்சா எச்சில் மாதிரியா? நான் வெங்காயம் உரிச்ச அந்தக் காலைல அவர் ஹால்ல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு, ரெண்டு தடவை காபி கேட்டார்.

2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல இது நம்பராவே இருக்கு. வீட்டு வேலை செய்யற பொம்பளைங்களுக்கு நாளைக்கு 299 நிமிஷம், ஆம்பளைங்களுக்கு 97 நிமிஷம். அந்த 97-ம் ஏதோ கை குடுக்கற ஆம்பளைங்களோட கணக்கு. நாலுல மூணு பேர் அதுல கூட வரல. அப்போ மாசம் 6,400 ரூபா மிச்சம்னு நாங்க சொல்றது யாரோட காசு? எனக்குன்னு இருந்த ஒரே லீவு நாளைத்தானே வித்துக் குடும்பத்துக்குக் குடுத்துட்டு இருக்கேன்? அதை மிச்சம்னு யாராவது எழுதி வெச்சாங்களா?

இன்னிக்கு சனிக்கிழமை. அந்த மசாலா டப்பாவை எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்ச்சுட்டேன், வெயில்ல காய வெச்சுட்டேன். மூடியை மோந்து பார்த்தா புளிச்ச வாடை இன்னும் இருக்கு. நாளைக்கு அதுலதான் மறுபடியும் அரைச்சுப் போடணும்.