ஓடாத காருக்கு 150 கோடி

டிராக்டர் செய்து பணம் சேர்த்தவர் இத்தாலியின் ஃபெரூச்சியோ லம்போர்கினி. அவரது இளம் என்ஜினீயர்கள் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் யோசித்த கார்தான் மியூரா. 1966இல் ஜெனீவா கண்காட்சியில் பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். 12 சிலிண்டர் என்ஜின், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், குறுக்குவாட்டில். அழகில் குறையே இல்லை. குறையெல்லாம் மற்ற இடங்களில். மூக்கில் இருந்த பெட்ரோல் டாங்க் காலியாக ஆக, வேகத்தில் முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொள்ளும். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்து தீப்பிடித்த வண்டிகளும் உண்டு.

1990களில் வந்த பிரிட்டனின் மெக்லாரன் எஃப்1 நேர் எதிர். கார்டன் மர்ரி கிராம் கணக்குப் பார்த்து வடிவமைத்தது. ஓட்டுபவர் நடுவில், இரு பக்கமும் ஒவ்வொருவர். என்ஜின் அறையில் சூட்டைத் தடுக்க (ஆடம்பரத்துக்கு அல்ல) தங்கத் தகடு. 1998இல் மணிக்கு 386 கிலோமீட்டர் வேகம் தொட்டது. மொத்தமே 106 கார்கள்.

மூன்று பேர் பெட்டிகளோடு வெளியூர் போகலாம் என்றுதான் மர்ரி அதை உருவாக்கினார். ஆனால், 1995இல் தயாரான ஒரு எஃப்1, 2021இல் கலிஃபோர்னியா ஏலத்தில் 2 கோடி டாலரைத் தாண்டியது. ஏறக்குறைய 150 கோடி ரூபாய். அத்தனை விலை ஏன்? 26 வருடங்களில் அது ஓடியிருந்தது சுமார் 390 கிலோமீட்டர்தான். அதன் உச்ச வேகத்தில் ஒரு மணி நேர ஓட்டம்! வாங்கியவர் ஓட்டினால் விலை இறங்கும். பிறகு எப்படி ஓட்டுவார்?

என்னைக் கேட்டால் மியூராதான். கூடவே ஒரு தீயணைப்புக் கருவி.