இன்சுலேட்டர் சொல்லும் வருஷம்



சென்ற கண்காட்சியில் நம் நண்பர் ஒருவர் வைத்த ரயில் மாடலைப் பார்த்தீர்களா? 'கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில், 1931' என்று பலகை. வேலைப்பாடு பிரமாதம். ஆனால் மேலே கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர்கள் இன்றைய லைனில் இருப்பது போல நீளநீளமாக! மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து பீங்கான் படிக்கிறவன் நான். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

1931-ல் அந்த மீட்டர் கேஜ் பாதைக்குக் கொடுத்தது 1,500 வோல்ட் டி.சி. 1967-ல்தான் 25,000 வோல்ட் ஏ.சி. வந்தது. வோல்டேஜ் கூடினால், பீங்கானின் மேற்பரப்பு வழியே மின்சாரம் கசியாமலிருக்க நீளமும் மடிப்பும் கூடியாக வேண்டும். ஆக, பிழை விரல்நுனி அளவு. கணக்கில் முப்பத்தாறு வருஷம்!

"அதையெல்லாம் யாருப்பா பார்க்கப் போறாங்க?" என்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 2004-ல் சென்னையில் மீட்டர் கேஜ் மின்சார ரயிலே நின்றுபோச்சு. இனி நேரில் போய் அளக்க முடியாது. நாளைக்கு ஒரு பையன் நம் மாடலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான்.

மிச்சமிருப்பது பழைய போட்டோக்கள். தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர். நேர் எதிரே நின்று எடுத்த படமென்றால் அதையே அளவுகோலாக்கலாம். சாய்த்து எடுத்த படம் ஏமாற்றிவிடும், ஜாக்கிரதை.

உங்கள் வீட்டில் ரயில்வே தாத்தா யாராவது இருந்தால் பெட்டியைக் கிளறிப் பாருங்கள். படம் கிடைத்தால் கொடுங்கள். வண்டியை நண்பர் திருத்தட்டும். இன்சுலேட்டரை நான் சூளையில் சுட்டுத் தருகிறேன்.